இரண்டாம் இடத்தில் இருவர்

மனித குலத்தில் இனி யாரும் யாருக்கும் சமமில்லை என்பதை உறுதி செய்தவன் பூவரசன். வரலாறு சொல்லட்டும் என்று காத்திராமல், 2071 ஜூலையில் கல்லூரி உணவுக்கூடத்தில் அவனே எழுந்து நின்று இதை அறிவித்தான்.

வளாகத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் இருந்த வரிசைக்காப்பு அவன் எழுதிய பைத்தான் கணினி நிரலில்தான் ஓடியது. மதிப்பெண் ஏறி இறங்க, காப்பில் தெரியும் இடமும் மாறும். தோசைக்கு யார் முதலில் நிற்பது என்பதில்கூடத் தகராறு கிடையாது. நிரல் எளிமையானது: மதிப்பெண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடு.

இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டவள் வகுப்புத் தோழி ஹசீனா மட்டும்தான். வழியையும் அவளே சொன்னாள்:

"ஒவ்வொருத்தருக்கும் மேல எத்தனை பேர்னு எண்ணி, ஒண்ணு கூட்டிக்க. 96, 91, 91, 88னா, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, நாலு."

"மூணு எங்க போச்சு?" என்றான் பூவரசன். "இது தரவரிசை இல்லம்மா, டவுன் பஸ். ஒரே சீட்டுல ரெண்டு பேர் ஒண்டிக்கிட்டுப் போறது."

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவளைக் கண்டக்டர் என்றே அழைத்தான்.

ஆகஸ்டில், மாணவர்களை நிலாவுக்கு ஏற்றிப் போகும் நிலாக்கலம் வந்தது. வகுப்புக்கு இரண்டு இருக்கை. காப்பு இரண்டுக்குள் காட்டினால் கதவு திறக்கும். பூவரசன் நிலாவுக்குப் போவதாகத் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. அம்மா புளியோதரையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். கிளம்பும் அன்று காலை தேர்வு முடிவுகள் வந்தன. ஹசீனா 96. அமுதன் 91. பூவரசன் 91.

அவன் காப்பு மூன்று என்றது. தட்டிப் பார்த்தான். அப்போதும் மூன்றுதான். பழுதொன்றும் இல்லை. சமமான மதிப்பெண்களை அந்த நிரல், பட்டியலில் இருந்த வரிசையிலேயே விட்டுவிடும். பட்டியலோ வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அதில் அமுதன் முதல் ஆள்.

பூவரசன் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, நிரலில் எண் போடும் வரியை அழித்தான். ஒவ்வொருவருக்கும் மேலே எத்தனை பேர் என்று எண்ண வைத்து, ஒன்று கூட்டினான். காப்பு இரண்டுக்கு வந்தது. அமுதனுடையதும் இரண்டாகவே இருந்தது. மூன்று எங்கே என்று யாரும் தேடவில்லை.

கலத்தின் கதவு மூன்று முறை திறந்தது.

உள்ளே ஜன்னலோரம் ஹசீனா, அடுத்த இருக்கையில் அமுதன். ஹசீனா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"டிக்கெட்."

பூவரசன் புளியோதரைப் பொட்டலத்தை அதில் வைத்தான். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் அமுதனிடம் சொன்னான்:

"கொஞ்சம் தள்ளி உக்காருடா."