ஸ்ரீவராகத்தில் ஒரு வெட்டு

எதிர்வீட்டுக்காரி செல்லபாய் போட்ட அலறலில் ஸ்ரீவராகம் தெருவே நடுங்கியது!

ஹெட் கான்ஸ்டபிள் குற்றாலலிங்கம் ஒரே தாவலில் வாசலுக்கு வந்தார்.

நேற்று சாயங்காலமே அவர் வீட்டுச் சாமான்களை ஏற்றி நிறுத்திய பழைய பிக்கப் வண்டி. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசைவில்லை.

பக்கத்தில் சிவப்பாக... ஒரு குட்டை!

குற்றாலலிங்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் தொட்டார். வழவழப்பு. மோந்தார்.

விளக்கெண்ணெய் வாடை.

ரத்தத்தில் விளக்கெண்ணெயா...?

பிணம் தும்மியது.

டிரைவர் தாசையன் முதுகாலேயே ஊர்ந்து வெளியே வந்தான்.

"பேடிக்காதீங்க ஏமானே. கிளட்ச் எண்ணெயாக்கும். எங்கே ஒழுகுதுன்னு பாத்துக்கிட்டே ஒறங்கிட்டேன்."

மலையோர ஸ்டேஷனுக்கு மாற்றலாகிக் குற்றாலலிங்கம் குடும்பத்தோடு புறப்படும் நாள் அது. வண்டிதான் புறப்பட மறுத்தது. பெடலை மிதித்தால் பலகையோடு ஒட்டிக்கொண்டது. கியர் போட்டால் நறநறவென்று பல்லைக் கடித்தது. கிளட்ச் கிண்ணத்தில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று தாசையன் ஊற்றினான். ஊற்றியது அப்படியே தரைக்கு வந்தது. குழாயில் காற்றுப் புகுந்திருக்கும் என்று குற்றாலலிங்கத்தையே சீட்டில் ஏற்றி மிதிக்கச் சொன்னான். அவரும் காக்கிச் சட்டை நனைய நனைய மிதித்தார்.

பெடல் எழும்பவேயில்லை.

கடைசியில் தாசையன் கியர்பெட்டிப் பக்கம் கையை விட்டு ஒரு ரப்பர் குழாயை உருவினான். முகம் மாறியது.

"ஏமானே... இது தேஞ்சதில்ல. ஆரோ வெட்டியிருக்கு."

குற்றாலலிங்கத்தின் மீசை துடித்தது!

குழாயை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நேரான வெட்டு. விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நாக்கு நுனியில் வைத்தார்.

உளுந்து மாவு. பெருங்காயம்கூடப் போட்டிருந்தது.

அந்தத் தெருவில் அப்பளம் இட்டு விற்கிறவள் ஒருத்திதான்.

அவருடைய மனைவி!

கூப்பிட்டதும் முத்தாரம்மாள் வாசலுக்கு வந்தாள். எதையும் மறுக்கவில்லை. மாவு நறுக்குகிற கத்தியைத் தானே கொண்டுவந்து காட்டினாள்.

"எதுக்குட்டீ இப்பிடிச் செஞ்சே? சர்க்கார் உத்தரவு. போகாம முடியுமா?"

"உத்தரவா? நீங்களே கேட்டு வாங்கின மாத்தலு. ஸ்டேஷன் ரைட்டர் பெஞ்சாதி அப்பளம் வாங்க வந்தப்போ சொன்னா."

தெரு முழுக்கக் குற்றாலலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

துப்பறிய வந்தவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்!

வியர்வையைத் துடைத்தார். தொண்டையைக் கனைத்தார். வேறு வழியில்லை.

"இங்கே ஒரு கேசும் வரமாட்டேங்குது முத்து. மலையோரம்னா ஒரு வெட்டு, ஒரு குத்துன்னு..."

முத்தாரம்மாள் கத்தியை முந்தானையில் துடைத்தாள்.

"வெட்டுக் கேசுதானே வேணும்? தந்தாச்சில்லா. கட்டிலை எறக்குங்க."