நாலாவது கம்பி

பழனிசாமியின் மருவைக் காணோம்.

செல்லம் நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். புரோத்ராபூர் கன்ட்ராக்டர் பழனிசாமியின் இடது கன்னத்து மருவைத் தெரியாதவர் ஜங்லிகாட் பகுதியில் உண்டா? நாவல்பழத்தை அப்பி வைத்த மாதிரி, ஆள் வருவதற்கு முன்னால் அது வரும். படத்தில் அதை மறைத்துக் கொடுக்கச் சொல்லித்தான் அவர் வந்திருந்தார். புருஷன் திருநாவுக்கரசு படம் பிடிப்பான், செல்லம் பென்சிலை ஊசியாகச் சீவிக்கொண்டு நெகடிவில் டச்சப் செய்வாள். கல்யாணமாகிக் கப்பலேறி அந்தமானுக்கு வந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. எத்தனை அம்மைத் தழும்பு, எத்தனை மாறுகண், எத்தனை பல்லிடுக்கு! இன்றைக்குப் பென்சிலோடு உட்கார்ந்தவளுக்கு அங்கே வேலையே இல்லை.

"ஏங்க, நீங்களே டச்சப் பண்ணிட்டீங்களா?"

"நான் எங்க பென்சிலத் தொட்டேன்?" டார்க் ரூம் திரைக்குப் பின்னாலிருந்து அவன் சிரித்தான். "எல்லாம் நாலாவது கம்பியோட வேலை. இனிமே உனக்கு வேலையில்ல, ஆராம்தான், போ."

அந்தக் கேமரா துறைமுக ஏலத்தில் வந்தது. எந்தக் கப்பலிலிருந்து இறக்கியதோ, எந்த நாட்டுக்காரன் செய்ததோ, அதன் மேல் ஓர் எழுத்தும் கிடையாது. பெட்டியின் வயிற்றில் நான்கு துளைகள். மூன்றிலிருந்து கம்பிகள் வெளியே வந்து ஒரு பலகையில் திருகுகளாக முடிந்தன. ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நேரத்துக்கு, ஒன்று தெளிவுக்கு. எந்தக் கம்பெனிக் கேமராவானாலும் இந்த மூன்றும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் போட்டோகிராபருக்குப் புரிந்துவிடும். நாலாவது துளையை மட்டும் செய்தவன் அரக்கு வைத்து அடைத்திருந்தான். சும்மா இருக்குமா திருநாவுக்கரசின் கை? அரக்கைச் சுரண்டினான். உள்ளே ஒரு கொக்கி தட்டுப்பட்டது. சைக்கிள் பிரேக் கம்பியை அதில் மாட்டி வெளியே இழுத்து, பழைய ரேடியோவின் திருகு ஒன்றைப் பலகையின் ஓரத்தில் பொருத்திவிட்டான்.

"மத்த மூணும் எல்லாக் கம்பெனிக்காரனும் வைக்கிறது. இது இவன் மட்டும் வச்சது. உள்ள ஒளிச்சு வச்சிருந்தான், நான் வெளிய கொண்டாந்துட்டேன்" என்று ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் படம் வாங்கப் பழனிசாமி வந்தார். மழை ஈரத்தோடு உள்ளே நுழைந்து தலையைத் துவட்டிக்கொண்டே அவர் திரும்பியபோது செல்லம் அவர் கன்னத்தையே பார்த்தாள். முகத்திலும் மரு இல்லை.

"அண்ணே, மரு என்னாச்சு?"

"என்ன மரும்மா?"

அவர் விளையாடவில்லை. பக்கத்து ஜவுளிக்கடை உதுமான் பாய் குடையோடு வாசலில் நின்றிருந்தார். செல்லம் அவரைப் பார்த்தாள்.

"பாய், நீங்க சொல்லுங்க. இந்தக் கன்னத்துல..."

"கன்ட்ராக்டர் மூஞ்சிக்கு என்ன தங்கச்சி? எப்பவும் போலத்தான இருக்கு" என்றார் பாய்.

பழனிசாமிக்கு இரண்டு நாள் தாடி. மரு இருந்த இடத்தில் மட்டும் மயிர் இல்லை. கால் ரூபாய் அகலத்துக்கு வழவழவென்று, துவாரம்கூட இல்லாத தோல். அவர் போன பிறகும் செல்லத்தின் கண்ணுக்குள் அந்த வட்டம் நின்றது.

புருஷனிடம் சொன்னாள். அவனும் "என்ன மரு?" என்றான். நேற்று சிரித்துக்கொண்டே சொன்னவன்!

அந்த ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் மனுஷ மனசைப் பாருங்கள், பயத்தோடு சேர்ந்தே அவளுக்கு மரகதத்தின் ஞாபகமும் வந்தது.

மரகதம் அவள் தங்கை. அம்மா போன பிறகு செல்லத்தோடு கப்பலேறி வந்து, இங்கேயே அவள் கையில் வளர்ந்தவள். ஸ்டவ் வெடித்து வலது காதிலிருந்து தாடை வரைக்கும் தோல் சுருங்கிப்போயிருந்தது. மற்றபடி மூக்கும் முழியுமாக லட்சணமான பெண், வாய் ஓயாமல் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள். வரன் கேட்டு மெயின்லேண்டுக்குப் போன மூன்று படங்களும் திரும்பி வந்தன. அந்தமான் பெண் என்றாலே அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள், கைதி வம்சமோ என்று. அதற்கு மேல் தழும்பும் இருந்தால் யார் எடுப்பார்கள்? இப்போது சிவகங்கையிலிருந்து ஓர் இடம். நல்ல குடும்பம், ஒரே பையன், தாலுகா ஆபீஸில் வேலை. அடுத்த கப்பலிலேயே படம் போயாக வேண்டும்.

"நாலாவது கம்பி வேணாங்க. நான் பென்சில்லயே பாத்துக்கறேன்" என்றாள் செல்லம்.

"இது உன் பென்சிலுக்கு அடங்குமா? மூணு தடவை பாத்தாச்சுல்ல?"

வேண்டாம் என்று அவள் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். மரகதம் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பழக்கப்படி வலது கன்னத்தை விளக்குக்கு மறைத்துத் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் செல்லம் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். திருநாவுக்கரசு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். பலகையின் ஓரத்திலிருந்த திருகு ஒரு பல் நகர்ந்தது.

டிக்.

விடிந்ததும் தழும்பு இல்லை. செல்லம் தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"என்னக்கா இது, மாடு வாங்குற மாதிரி பாக்குற?" என்று மரகதம் சிரித்தாள். அவளுக்கும் தழும்பு ஞாபகம் இல்லை. செல்லம் அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. கப்பல் போயிற்று, தந்தி வந்தது. பெண் பிடித்திருக்கிறது, அடுத்த கப்பலில் நிச்சயம் செய்ய வருகிறோம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அந்தமானில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது போய்விடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், மரம் அறுக்கும் மில்லில் சங்கு ஊதும்போதே வீட்டுக்குள் முகம் தெரியாது. அப்படி ஒரு நேரத்தில், தகரக் கூரையில் மழை அரிசி கொட்டுவது போல இரைய, படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடையும் ஈரப் பலகையின் வாடையும் தரையிலிருந்து எழும்பி வர, செல்லம் ஸ்டூடியோவில் விளக்குச் சிம்னியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவில் வேறு யாரும் இல்லை. கேமரா துணி போர்த்திக்கொண்டு முக்காலி மேல் நின்றது.

டிக்.

அவள் பலகையைப் பார்த்தாள். திருகு அசைந்த மாதிரித் தெரியவில்லை. பல்லி கத்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராத்திரி சோறு போடும்போது மரகதம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழவில்லை.

"ஏங்க, இவளுக்குக் கன்னத்துல குழி விழுமே!"

"இவளுக்கா? எப்ப விழுந்துச்சு?" என்று சாதத்தைப் பிசைந்தான் திருநாவுக்கரசு.

போனது எதுவோ, அது இருந்த நினைப்பும் கூடவே எல்லோருக்கும் போய்விடுகிறது. அவள் ஒருத்திக்கு மட்டும் ஏன் போகவில்லை? வருஷக்கணக்காக ஒவ்வொரு முகத்தையும் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் என்பதாலா? தெரியவில்லை. தெரிந்து என்ன, சொன்னால் கேட்க ஆள் வேண்டுமே.

பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சத்தம். மூக்குத்தி போட்ட துவாரம் போயிற்று. மூக்குத்தி பாயில் கிடந்தது. புருவம் மெலிந்தது. டார்க் ரூம் கொடியில் தொங்கிய நெகடிவை எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே குறைச்சல்தான். மருதாணி வைக்கக் கையை நீட்டச் சொன்னபோது மரகதத்தின் உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. வெண்ணெய் வழித்த மாதிரி வெறும் கை. மருதாணி அதில் பிடிக்கவும் இல்லை, வழிந்து தரையில் சொட்டியது.

"என்னக்கா, ரொம்பத் தண்ணியா அரைச்சிட்டியா?" என்றாள் மரகதம்.

கடைத்தெருவில் பழனிசாமியைப் பார்த்த அன்றுதான் அவளுக்கு முடிவு தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கன்னத்து வழவழப்பு பரவியிருந்தது. இடது கண் இல்லை. குருடும் இல்லை, குழியும் இல்லை. அங்கே கண் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. மூக்கில் பாதி. "க்யா கன்ட்ராக்டர்ஜி, உங்களுக்கு மட்டும் வயசே ஆக மாட்டேங்குதே!" என்று டீக்கடையில் யாரோ கத்தினார்கள். மிச்சமிருந்த ஒற்றைக் கண் செல்லத்தின் மேல் வந்து நின்றது. அதில் பயம் இருந்தது. தனக்கு என்ன ஆகிறது என்று தெரியாத, ஆனால் ஏதோ ஆகிறது என்று தெரிந்த பயம். செல்லம் வாங்கிய காய்கறியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அதத் திருப்பி வைங்க! உங்க கால்ல விழறேன், பின்னாடி திருப்புங்க!"

திருநாவுக்கரசு அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். ஆனாலும் திருகைப் பிடித்து முறுக்கிக் காட்டினான். "பாரு, பின்னால வரவே மாட்டேங்குது. செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான். ஏன் செல்லம், உனக்கு ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

நெகடிவைக் கிழித்துப்போடலாமா? கிழித்தால் மரகதம் கிழிந்துவிடுவாளோ? கையில் எடுப்பாள், மறுபடியும் மாட்டிவிடுவாள்.

மாப்பிள்ளை வீட்டார் கப்பல் ஹார்பருக்குள் வந்துவிட்டது என்று சேதி வந்த சாயங்காலம். காலையில் இறங்குவார்கள். திருநாவுக்கரசு அவர்களுக்குத் தங்க இடம் பார்க்க டெலானிபூருக்குப் போயிருந்தான். மழை பலத்தது. பின்கட்டில் மரகதம் தலை வாரிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் மட்டும் எள்ளளவும் குறையாமல் அப்படியே இருந்தது, அதைக் கேட்கக் கேட்கச் செல்லத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து பொங்கின. குறடை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போனாள்.

இருட்டு. ஹைப்போ வாடை. துணி போர்த்திய கேமரா.

திருகு விரலுக்குச் சில்லென்று இருந்தது. குறடால் கவ்வினாள். இடப்பக்கம் முறுக்கினாள். அசையவில்லை. இன்னும் பலமாக. கம்பி உறைக்குள் முனகியது. மணிக்கட்டு வலித்தது. முருகா, கொஞ்சம் திரும்பு. கொஞ்சம்.

திரும்பியது.

பின்பக்கமாகத்தான் திரும்பியது! செல்லம் மூச்சு விட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

உள்ளே எதுவோ நழுவியது.

டிக். டிக். டிக். டிக்.

குறடு கையைவிட்டுப் போயிற்று. திருகு தானாகச் சுற்றியது. வேகமாக. முன்பக்கம். அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். விரல் தோலை உரித்துக்கொண்டு சுற்றியது. பிறகு நின்றது.

பின்கட்டில் பாட்டு நின்றிருந்தது.

பாதி வரியில்.

"மரகதம்?"

மழை. தகரக் கூரை.

"அடியே, மரகதம்!"

சீப்பு மட்டும் கூந்தலில் இழுபடும் சத்தம். மெதுவாக. பிறகு அதுவும் நின்றது.

காலையில் ஊரே வந்திருந்தது. வானம் வெளுத்து, ஜமுக்காளம் விரித்த மாதிரி வெயில். மாப்பிள்ளையின் அம்மா சுசீலா, கப்பல் மயக்கம் தெளியாமலே, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக மரகதத்தை நடத்திக் கொண்டுவந்து பாயில் உட்கார வைத்தார்கள். செல்லம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் பார்த்தாள்.

"படத்துல பாத்ததவிட நேர்ல என்ன அழகு!" என்றாள் சுசீலா. "ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"எங்க ஜங்லிகாட்டுலயே இப்படி ஒரு முகம் கெடயாதுங்க" என்றாள் எதிர்வீட்டுப் பொன்னம்மா.

வகிடு இருந்தது. அதன் கீழே நெற்றி. நெற்றி அப்படியே இறங்கிக் கழுத்தில் போய் முடிந்தது. உரித்த முட்டைபோல. நடுவில் எங்கே வைப்பது என்று கொஞ்சமும் தடுமாறாமல் சுசீலா குங்குமம் வைத்தாள்.

ரவிக்கை மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து மூச்சு வருகிறது?

"பொண்ணுக்கு இனிப்பு ஊட்டுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

சுசீலா ஒரு லட்டைப் பிட்டாள். ஆசையாக, குழந்தைக்கு ஊட்டுவதுபோல, அந்த வழவழத்த தோலில் கொண்டுபோய் வைத்தாள். தேய்த்தாள். உதிர்ந்தது. மஞ்சள் பூந்தி ஒவ்வொன்றாகத் தாடை வழியே உருண்டு பட்டு மடியில் விழுந்தது.

"வெக்கத்தப் பாரு!" என்று எல்லோரும் சிரித்தார்கள். "வாயத் தொறம்மா!"

இன்னொரு துண்டு. தேய்த்தாள். உதிர்ந்தது.

பாயில் ஊன்றியிருந்த செல்லத்தின் கையை, புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்து பற்றியது. நகம் இல்லாத, ரேகை இல்லாத விரல்கள். எலும்பு நொறுங்கும்படி இறுக்கின. விட்டன. மறுபடியும் இறுக்கின.

மரகதத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சுசீலா மூன்றாவது துண்டைப் பிட்டாள்.