பெடலில் ஒரு கால்

“ப்ரேக் ஷூ தேஞ்சிருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?”

“சத்தம் வருதுங்க.”

“உனக்கு எல்லாத்துலயும் சத்தம் வரும். சரி, சக்கரத்தக் கழட்டு. நான் உக்காந்து அமுக்கறேன்.”

அருளானந்தம் உயிரோடு இருந்தவரை இந்தப் பேச்சு மாறியதே இல்லை. வெள்ளை பேண்ட் அழுக்காகிவிடும் என்று தரையில் குந்தாத பெரிய மனுஷன். பழைய மாருதியின் டிரைவர் சீட்டில் சாய்ந்துகொள்வார். சக்கரத்தருகே கிரீஸும் கரியுமாகக் கிடப்பது அவர் மனைவி ஆனந்தமேரி. அவள் “அமுக்குங்க” என்றால் பெடலை அமுக்குவார், “ம்” என்பார். எதிர்வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தால் அவருக்குப் பிரெஞ்சில் நன்றியாக ஒரு ‘மெர்சி’ உண்டு. இவளுக்கு அந்த ‘ம்’தான். வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டுவது அவள். இடப்பக்க சீட்டுக்கு நகர்ந்து, காய்கறிக் கடைக்கானாலும் அக்கா வீட்டுக்கானாலும் கூடவே வந்து, வழியெல்லாம் குறை சொல்வது அவர்.

போன மாதம் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். இந்த ஞாயிறு மதியம், பூசை முடிந்து வந்த ஆனந்தமேரி, குருசுக்குப்பத்து வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து வண்டியின் இடப்பக்கப் பின்பகுதியைத் தூக்கினாள். நாளைக் காலை காரைக்கால், அக்கா வீட்டுக்கு, ஒரேயடியாக. பெட்டி பின் சீட்டில் ஏறிவிட்டது. ப்ரேக் மட்டும்தான் பாக்கி.

சக்கரத்தையும் ப்ரேக் ஷூக்களை மூடியிருந்த டிரம்மையும் கழற்றியதும் ப்ரேக் தூசியின் கருகல் வாடைக்குள்ளிருந்து மெல்லியதாக அவருடைய மூக்குப்பொடி மணம் எழுந்துவர, செத்தும் பொடி போடுகிற மனுஷன் என்று உதட்டைச் சுழித்தபடி, சந்துக்குள் உப்புக்காற்று வீச, பழைய ஷூக்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி, ஸ்பிரிங்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். முன் சீட் கிறீச்சென்றது. எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. காலி சீட்டுக்குக்கூட அவருடைய மிடுக்கு.

கடைசி ஸ்பிரிங் கொக்கியில் விழுந்தது. டிரம் இன்னும் தரையில்தான் கிடந்தது. பழகிய வாய் முந்திக்கொண்டது.

“அமுக்குங்க.”

ஷூ இரண்டும் விரிந்தன.

மெதுவாக, காற்றில் எதையோ தேடுவதுபோல. டிரம் இல்லாமல் பெடலை அமுக்கினால் வீல் சிலிண்டருக்குள்ளிருந்து பிஸ்டன் பிதுங்கி வெளியே வந்துவிடும். இந்த வீட்டில் அது தெரியாத ஆள் ஒருத்தர்தான்.

இரண்டு கையாலும் ஷூக்களை உள்ளே தள்ளினாள். அவை அவள் கைகளைத் தள்ளின. ப்ரேக் ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. சில்லென்று.

“ம்.”

முன்னாலிருந்து.

ஷூக்கள் தளர்ந்தன. மூச்சு வாங்கினாள். வண்டி அசைந்தது. அவள் இருந்த பக்கம் சாய்ந்தது.

இடப்பக்க சீட்.

கண்ணாடியை இறக்கும் கைப்பிடி சுழன்றது. சுற்றிச் சுற்றி. நிதானமாக. கண்ணாடி பாதி இறங்கி நின்றது. அதன் விளிம்பில் ஒரு முழங்கை வந்து சாய்ந்தது. வெள்ளைச் சட்டை. சவப்பெட்டியை மூடுமுன் அவளே பொத்தான் போட்டுவிட்டது. மடிப்பிலெல்லாம் கல்லறை மண்.

அது காத்திருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததை ஆனந்தமேரி அந்த முழங்கையைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் மட்டும் தனியாப் போறேங்க. நீங்க கூட வராதீங்க.”