வெண்டைப் பூ பார்க்கப் போன சித்தி

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் வாண்டு வெண்டை விதை போட்டது காய்க்காக இல்லை, பூவுக்காக.

"பூச்செடி வரிசையில வெண்டைக்காயா? ரோஜா கோவிச்சுக்கப் போகுது" என்று அண்ணன் கிண்டல் செய்தான்.

வாண்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செடி அவள் தோள் உயரம் வளர்ந்தது. ஒரு சனிக்கிழமை காலை முதல் பூ விரிந்தது. இளமஞ்சள் இதழ்கள். நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு. அண்ணனே கிட்டே வந்து எட்டிப் பார்த்தான்.

வாண்டு சித்தியின் அறைக்கு ஓடினாள்.

சித்தி பஸ் கண்டக்டர். படிக்கட்டில் வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. "நடக்க நடக்கத்தான் சரியாகும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்கவில்லை. யாராவது தாங்கிப் பிடித்தால் குளியலறை வரை போவாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"சித்தி, பூ பூத்திருக்கு. வந்து பாருங்களேன்."

"நாளைக்குப் பாக்கறேன் கண்ணு."

"இது ஒருநாள் பூ. மத்தியானமே சுருங்கிடும்."

"அப்போ பறிச்சிட்டு வா."

"பறிக்க மனசு வரல சித்தி."

சித்தி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"ஓடற பஸ்ல கையை விட்டுட்டு நின்னவ நான். இப்போ தரையப் பாத்தாலே பயமா இருக்குடி. பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல."

வாண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்கும் பின்வாசலுக்கும் நடுவே வெறும் தரைதான்.

சற்று நேரத்தில் அப்பா கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் உக்காந்திருந்த நாற்காலி எங்கே?"

"அது ஸ்டாப்பிங் ஆயிடுச்சுப்பா."

வீட்டிலிருந்த நாற்காலிகள் எல்லாம் கட்டிலிலிருந்து பின்வாசல் வரை வரிசையாக நின்றன. கடைசியில், வாசலை ஒட்டியிருந்த வெண்டைச் செடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி.

"ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டாப்பிங் சித்தி. பிடிச்சுக்கிட்டு நின்னு நின்னு போலாம். அவசரமே இல்ல."

சித்தியின் உதடு லேசாக வளைந்தது. "எல்லா ஸ்டாப்பிங்லயும் நிக்குமா?"

"கண்டிப்பா நிக்கும்."

சித்தி மெதுவாக எழுந்தாள். முதல் நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். அடுத்ததில் மூச்சு வாங்கினாள். அதற்கடுத்ததில் நிற்கும்போது, தாங்கிப் பிடிக்க அம்மா ஓடி வந்தாள்.

"விடுக்கா. ஓடற பஸ்ல ஏறக் கூடாது" என்றாள் சித்தி.

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பின்வாசலை எட்டியபோது பூவின் ஓரங்கள் மடியத் தொடங்கியிருந்தன. சித்தி முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து பூவுக்குள் பார்த்தாள்.

"உள்ளே இவ்வளவு சிவப்பா? இத்தனை வருஷமா காயை மட்டும் நறுக்கிட்டு இருந்திருக்கேன்."

பூ முழுக்கச் சுருங்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்துல ரெண்டு மொட்டு இருக்கு சித்தி" என்றாள் வாண்டு.

மறுநாள் விடியற்காலையில் யாரோ வாண்டுவின் தோளை உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தாள். சுவரைப் பிடித்தபடி சித்தி நின்றிருந்தாள்.

"எழுந்திரு. ரெண்டும் பூத்திருக்கு. நான் பாத்துட்டுத்தான் வரேன்."