எல்லோருக்கும் சேர்த்து ஒரு கை

பனிச்சேரியில் பதினெட்டு வயது நிறைந்தால் வலது தோளில் பூட்டு பொருத்துவார்கள். சுண்டைக்காய் அளவுக் கருவி; எலும்போடு ஒட்டிக்கொள்ளும், வலிக்காது. அதற்கு ஒரே ஒரு வேலைதான். ஊர் மன்றத்தில் போர்த் தீர்மானம் வரும்போது யார் கை தூக்குகிறாரோ, அவருடைய கை தூக்கியபடியே பூட்டிக்கொள்ளும். அனுப்பிய போர்த்தும்பிகளை, அந்த ஆளில்லாப் போர்க்கலங்களை, திரும்ப அழைக்கும்வரை இறங்காது. வியாழனின் நிலவான கலிஸ்டோவில் முதலில் குடியேறியவர்கள், பூமியின் லட்சணத்தைப் பார்த்துச் சலித்துப்போய் எழுதிய சட்டம் இது. போர் வேண்டும் என்பவர் தாராளமாகக் கேட்கட்டும், ஆனால் அதில் கொஞ்சமாவது அவர் உடம்பிலும் படட்டும் என்று நினைத்தார்கள்.

அடுத்த எழுபது ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் தும்பிகள் கிளம்பின. கை தூக்கிய முந்நூறு சூரர்களும் சட்டை போட முடியாமல், குளிக்க முடியாமல், ஒருக்களித்துப் படுக்க முடியாமல் திண்டாடினார்கள். பதினோராம் நாள், தும்பிகள் போய்ச்சேரும் முன்பே திருப்பி அழைத்துவிட்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் அதற்குச் சமாதான உடன்படிக்கை என்று பெயர். உண்மையில் அக்குள் அரிப்பு.

செங்கமலம் தோள்பூட்டு நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவர் பூட்டையும் சோதித்து ஊசியால் மசகு இட வேண்டும். இருபது ஆண்டுகளில் ஊரிலுள்ள அத்தனை தோள்களையும் தொட்டுப் பார்த்துவிட்டதால், மனிதர்கள்மீது அவளுக்குப் பெரிய மரியாதை எதுவும் மிச்சமில்லை. வாய் கிழிய வீரம் பேசுகிறவர்கள்தான் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களில் முதல் ஆள் மன்ற உறுப்பினர் நாவுக்கரசு. அந்த ஆண்டு அவருக்குத் திடீரென்று பாறைக்குழியின்மேல் இரக்கம் பொங்கிவிட்டது. பாறைக்குழி நிலவின் மறுபக்கத்து ஊர். தும்பிகள் போய்ச்சேரப் பதினைந்து நாள் ஆகும். பனிச்சேரியைப் போலவே கண்ணாடிக் கூரைக்கு அடியில், அடைத்து வைத்த காற்றில் வாழ்கிற ஊர்தான். இரவு எட்டு மணிக்குமேல் அங்கே யாரும் விளக்கு எரிக்கக் கூடாது என்று அதன் தலைவன் உத்தரவு போட்டிருந்தான்.

"நம் உடன்பிறப்புகள் இருளில் வாடுகிறார்கள்," என்று நாவுக்கரசு திரைக்குத் திரை முழங்கினார். "அவர்களை மீட்பது நம் கடமை."

செங்கமலத்தின் தங்கை மணிமொழி அந்த இருளில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். செங்கமலம் திரைப்பேசியில் அழைத்தாள்.

"என்னடி, ரொம்பக் கொடுமைப்படுத்துறாங்களாமே?"

"யாரு சொன்னா? எட்டு மணிக்கு வெளக்க அணைக்கச் சொல்றான் கிறுக்கன். நாங்க போர்வைக்குள்ள வெளக்க வச்சுக்கிட்டு சீட்டு ஆடுறோம். அடுத்த மாசக் கூட்டத்துல அவனை எறக்கப் போறோம். எங்க ஊர் கிறுக்கனை நாங்க பாத்துக்க மாட்டோமா? உங்களை யாருக்கா கூப்பிட்டா?"

"உங்களை மீட்கப் போறாங்களாம்."

"கூரைய ஒடச்சா? எங்க மூச்சுக்காத்தே அதுக்குள்ளதான இருக்கு." மணிமொழி சிரித்தாள். செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தோளில் பூட்டுள்ள அத்தனை பேரும் மன்றத்தில் கூடினார்கள். நாவுக்கரசு ஒரு மணி நேரம் பேசினார். இரண்டாயிரம் பேரும் மூக்கைச் சிந்தி அழுதார்கள். 'ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்' என்று அறிவிப்பு வந்ததும் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. சிலர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். ஒருவர் கை பாதிவரை எழுந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. நாவுக்கரசு இரு கைகளாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செங்கமலத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

ஆனால் அவர் சும்மா நாவுக்கரசு ஆகிவிடவில்லை. "இத்தனை பேரும் கை தூக்கினால் ஊர் வேலையை யார் பார்ப்பது?" என்றார். "எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் தூக்கினால் போதாதா? அந்தத் தியாகத்துக்கு நான் தயார்."

பூமியில் இந்த ஏற்பாட்டுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பிரதிநிதித்துவம் என்று நல்ல பெயர் ஒன்று உண்டு. பனிச்சேரிக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போனார்கள். இது வெறும் சட்டத் திருத்தம், வாயால் ஆமாம் என்று சொன்னால் போதும்.

செங்கமலமும் யோசித்தாள். முந்நூறு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் ரோஷப்பட்டுப் பதினோரு நாள் தாங்கினார்கள். இந்த மனிதர் தனியாளாக ஐந்து நாள் தாங்கினால் பெரிது. தும்பிகள் போய்ச்சேர்வதற்குள் அழுதுகொண்டு வந்துவிடுவார், அதன்பிறகு ஆயுளுக்கும் போர் என்ற பேச்சை எடுக்க மாட்டார். அந்தத் தோள் பூட்டிக்கொள்வதைப் பார்க்கும் ஆசை அவளுக்கு வெகுநாளாகவே இருந்தது. மன்றத்தில் முதல் 'ஆமாம்' அவளுடையதுதான். அன்றே நாவுக்கரசு கை தூக்கினார், தும்பிகள் கிளம்பின.

மூன்றாம் நாள் நாவுக்கரசு தூக்கிய கையோடு நிலையத்துக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"தூக்கமே இல்லம்மா. அரிப்பு வேற உயிரை வாங்குது."

"தும்பிங்களத் திருப்பிக் கூப்பிட்டா உடனே எறங்கிடும், ஐயா."

அவர் தோளைத் தடவியபடி யோசித்தார். நாளைக்குக் கூப்பிட்டுவிடுவார் என்று செங்கமலம் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மன்றம் அவருக்கு இரண்டு உதவியாளர்களைக் கொடுத்தது. ஒருவர் ஊட்டிவிட, ஒருவர் சொறிந்துவிட. ஐந்தாம் நாள் ஒரு கை இல்லாத சட்டை தைத்துக் கொடுத்தார்கள். வாரக் கடைசிக்குள் இளவட்டங்கள் அத்தனை பேரும் அதையே போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எட்டாம் நாள் நாவுக்கரசு கடைத்தெருவில் நடந்தபோது, தூக்கிய கையைப் பார்த்து யாரோ ஒருவர் கைதட்டினார். தெருவே சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போனது.

பதினைந்தாம் நாள் எல்லாத் திரைகளிலும் செய்தி வந்தது. பாறைக்குழியின் கூரை திறக்கப்பட்டது, இருள் அகன்றது என்றார்கள். செங்கமலம் தங்கையை அழைத்தாள். அழைப்பு போகவில்லை. அன்று முழுக்க, மறுநாளும், அதற்கு மறுநாளும் அழைத்தாள்.

நாற்பதாம் நாள் மசகு இட்டுக்கொள்ள நாவுக்கரசு வந்தார். மீட்கப்பட்டவர்களைப் பாதுகாக்கத் தும்பிகள் இன்னும் அங்கேயே நின்றன. ஆள் நன்றாகச் சதை போட்டிருந்தார்.

"இனிமேலாவது எறக்கிடலாமே, ஐயா," என்றாள் செங்கமலம். "அங்க பாதுகாக்கறதுக்கு ஒரு உயிர்கூட இல்ல. என் தங்கச்சியும் இல்ல."

"தியாகம்மா," என்றார் அவர் உருக்கமாக. "ஆளாளுக்கு ஒண்ணு குடுத்திருக்கோம். நான் கையவே குடுத்திருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை இன்னும் ஒரு அரை அடி மேல தூக்கி வைக்க முடியுமா? பின் வரிசைக்குத் தெரியலங்கறாங்க."

"முடியாது."

"பரவால்ல. மேடைய ஒசரமாப் போடச் சொல்லிக்கறேன்."

அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் ஊரே காத்து நின்றது. அங்கே வேறு யாருடைய கையும் தூக்கியிருக்கவில்லை. எல்லோருக்கும் இரண்டு கைகளும் சும்மாவே இருந்ததால், அவரைக் கண்டதும் நன்றாகக் கைதட்டினார்கள்.