செம்புப் பட்டை

குந்தாரப்பள்ளி ரோட்டோரத்துக் கடலை எண்ணெய் மில்லின் மெயின் போர்டைத் திறந்ததும் வயர்மேன் சூசையின் கை அந்தரத்தில் நின்றது. செம்புப் பட்டையை மூன்றாவது தடவையாகக் காணவில்லை. ஆனால் அதன் நட்டுகள் இரண்டும் இருந்த இடத்திலேயே ஒழுங்காகத் திருகப்பட்டிருந்தன. செம்பு திருடுகிறவன் நட்டை எதற்குத் திரும்ப மாட்டுகிறான்?

எர்த் குழியிலிருந்து வரும் கம்பி நியூட்ரலில் முடியும். மெஷின்களின் இரும்பு உடம்புகளிலிருந்து வரும் கம்பிகள் பக்கத்து இணைப்புக் கட்டையில் முடியும். இரண்டையும் சேர்ப்பது அந்தப் பட்டை. அது இல்லாவிட்டாலும் மில் ஓடத்தான் ஓடும். ஆனால் மோட்டாரில் கசிவு வந்தால் பியூஸ் போகாது, கரண்ட் சத்தமில்லாமல் இரும்பில் காத்திருக்கும். தினமும் காலையில் வெறுங்காலோடு நின்று கடலை உடைக்கும் மெஷினில் முதலில் கை வைப்பவள் அவன் மனைவி ஜெபமணி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காய்ந்த தோலும் புண்ணாக்கும் கலந்த வாசனையும், வெயிலில் தகரக்கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தமும் தவிர மில்லில் எதுவுமில்லை. வாட்ச்மேன் கங்கப்பன் மட்டும், பற்றவைக்காத பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு, மில்லுக்கு முதுகைக் காட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவி அவரிடம்தான் இருக்கும். சந்தேகமும் அவர்மேல்தான். சூசை அதட்டிக் கேட்டதும் துணியில் சுற்றிய மூன்று பட்டைகளையும் எடுத்து நீட்டினார்.

“நாந்தாங்க கழட்னேன், மேஸ்திரி. குழியில இருந்து ஏறி வருதுங்க. பட்டை இருந்தா மெஷினுக்கெல்லாம் போயிடுது.”

எது ஏறி வருகிறது என்று கேட்டதும் மறுபடி மில்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். விற்கவுமில்லை, ஒளிக்கவுமில்லை, இந்த ஆள் யாரை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று சூசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் மண்ணுக்குள் இறங்கும். மண்ணிலிருந்து எந்த ஊரில் ஏறுகிறது?

வெளியே போய் டிரான்ஸ்பார்மர் கைப்பிடியை இறக்கி, கரண்டை நிறுத்திப் பூட்டினான். பியூஸ்களைப் பிடுங்கினான். ஒரு பட்டையை வைத்து, ஸ்பேனரால் பலம் கொண்ட மட்டும் இறுக்கினான்.

கடைசிச் சுற்றில் ஸ்பேனர் வெதுவெதுத்தது.

டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பட்டையிலும், மறுமுனையைச் சுவரோரத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தான். பல்ப் சிவந்தது. வெளியே ஓடிப் பார்த்தான். கைப்பிடி இறங்கித்தான் இருந்தது. பூட்டு அப்படியே இருந்தது. திரும்பி வந்தபோது போர்டுக்குள் ஒரு முனகல். அது கம்பி வழியே மெல்ல நகர்ந்தது. மெஷின் பக்கமாக.

பக்கவாட்டுக் கதவு திறந்தது.

“ஏங்க, சோறு ஆறுது.”

ஜெபமணி. ஒரு கையில் தூக்குப்போசி. இன்னொரு கை கதவோரத்து மெஷின்மேல்.

அவள் துள்ளவில்லை. உதறவில்லை. கருகல் வாசனை இல்லை. சும்மா நின்றாள்.

“ஏங்க… விடமாட்டேங்குது.”

போர்டுக்குப் பாய்ந்தான். நட்டு அசையவில்லை. மறுபடி முயன்றான். அசையவில்லை. கங்கப்பன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

சூசை அவளிடம் ஓடினான். கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தான்.

அவள் விரல்களுக்கு நடுவே, இரும்பின் நிறத்திலேயே, வேறு ஐந்து விரல்கள் கோத்திருந்தன.