பூவராகனின் வெள்ளிக்கிழமைப் பொங்கல்

தாழம்பூ அடுக்ககத்துக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ஆட்களுக்கு அல்ல, கட்டடத்துக்கு. காப்பீட்டு நிறுவனம் அடித்தளக் குழாயில் பொருத்திய வடிகால்மானி, இருபத்து நான்கு வீட்டுக் கழிவுநீரையும் முகர்ந்து, குடியிருப்பவர்களின் உடல்நிலையை வாரந்தோறும் அறிவிக்கும். விரலில் குத்தி ரத்தம் எடுத்த காலமெல்லாம் போயாயிற்று. இப்போது காப்பீடே கட்டடத்துக்குத்தான்.

இரண்டு வாரமாக மானியில் சிவப்பு. இந்த ஞாயிறும் சிவப்பு வந்தால் கட்டடக் காப்பீட்டில் புதிதாக யாரையும் சேர்க்கமாட்டார்கள். அதில் மாட்டிக்கொண்டவர் மூன்றாம் மாடிப் பூவராகன். மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. அன்றோடு அலுவலகக் காப்பீடும் முடிகிறது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அறுபது வயதுக்காரரை வேறு எவர் சேர்ப்பார்?

திருட்டுத்தனமாகத் தின்பது யார் என்று கட்டடமே துப்பறிந்தது. இரண்டாம் மாடி ஜோதிலிங்கம் மறைத்துக்கொண்டு வந்த இனிப்புக்கடைப் பையைச் சோதித்ததில் இரண்டு ஜோடி காலுறைதான் கிடைத்தது.

மூன்றாவது வாரமாக இந்த வெள்ளிக்கிழமையும் பூவராகன் தூக்குவாளியோடு வீடு வீடாகப் புறப்பட்டார். கட்டடக் காப்பீடு கிடைக்கும்வரை வாராவாரம் எல்லா வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் என்று அம்மனுக்கு வேண்டுதல். முதல் வீடான சங்கச் செயலாளர் ரோகிணி வீட்டில் கரண்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர், சமையலறைத் தொட்டியில் தன் பொங்கல் கரைவதைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மானி சிவப்பு காட்டிடக் கூடாதுன்னு உங்களுக்காகத்தான் ஒருத்தரும் வாயில வைக்கிறதில்ல. குப்பையில போட்டா சாமி குத்தம். அதான் தண்ணில கரைச்சு..."

"ஒருத்தருமேன்னா? எல்லா வீட்டுலயுமா?"

"ஜோதிலிங்கம் சார் வெந்நீர் ஊத்திக் கரைக்கிறாராம். நெய் அடைச்சுக்குதாம்."

பூவராகன் நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் கீழே ஒன்றாகச் சேருகின்றன. எது உடம்பு வழியாக வந்தது, எது நேராக வந்தது என்று மானிக்கு எப்படித் தெரியும்?

"அப்ப வேண்டுதலை நிறுத்திடலாமே சார்."

"காப்பீடு கிடைக்காம நிறுத்தறதா? நல்லா சொன்னே போ."

குப்பையிலும் கூடாது, குழாயிலும் கூடாது. மிச்சம் இருந்தது வயிறு ஒன்றுதான். அன்று இருபத்து நான்கு வீடும் பொங்கலைச் சாப்பிட்டது. ஜோதிலிங்கம் இன்னொரு கரண்டி கேட்டதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை பச்சை. பூவராகனுக்கு ஆயுள் முழுவதும் காப்பீடு. கூடவே நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி: 'இவ்வளவு வேகமாகச் சர்க்கரை இறங்க, உணவில் என்ன மாற்றம் செய்தீர்கள்?'

பொய் எழுதத் தெரியாத ரோகிணி, கேட்டதற்கு மட்டும் உள்ளதை எழுதினார்: 'வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம்.'

அடுத்த வாரமே நாலாயிரம் அடுக்ககங்களுக்கு நோய்த்தடுப்பு ஆலோசனை போயிற்று: வெள்ளிதோறும் தலைக்கு இருநூறு கிராம் சர்க்கரைப் பொங்கல், நெய் குறையாமல்.